நான் போட்ட மதியத் தீனி

இரண்டு வருடங்களுக்கு முன், கத்திரி வெயில் சமயத்தில் நடந்தது இது. ஆரணியிலிருந்து வந்தவாசி போகிற சாலையில், ஊரைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற ஒரு தாய்க்கோழிப் பண்ணையில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். கடைகளில் தொங்குகிற கறிக்கோழி இருக்கிறதே, அதன் குஞ்சு பொரிக்கும் முட்டைக்காகக் கோழி வளர்க்கிற இடம். பட்டு இழைக்கு முடிச்சுப் போட என் கண் ஒத்துழைக்காமல் போனதால்தான் தறி வேலையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அங்கே போனேன். முட்டையைப் பொறுக்கித் துடைத்து அட்டையில் அடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஷெட்டுக்குப் பொறுப்பாக ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு கோழி நிற்கிற விதத்தைப் பார்த்தே அதற்குச் சளியா, கால் வலியா என்று சொல்லிவிடுவார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

சேர்ந்த புதிதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கோழிகளுக்குக் காலையில் ஒருமுறை, அளந்துதான் தீனி. அரை மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு நாள் முழுக்கப் பசிதான். மதியம் நான் உள்ளே போனால் கூட்டமாக ஓடிவந்து காலைச் சுற்றும். காலித் தொட்டியைக் கொத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அக்காவிடம் ஒருநாள் கேட்டேன்.

"இன்னாக்கா இது, முட்டை வெக்கிற ஜீவன இப்டிப் பட்டினி போடறாங்க?"

"வயிறு நெறயப் போட்டா இதுங்க ஒடம்பு தான்மா வெக்கும், முட்டை வெக்காது. சதை போடற ஜாதி. கால் ஒடிஞ்சிடும், நெஞ்சு அடைச்சிடும். பாத்துகினு இருக்க பேஜாராத் தான் கீது. ஆனா அதுங்க நல்லதுக்குத் தான்."

எனக்குப் புரிந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை.

மதியம் முட்டை வண்டி வரும்போது அக்கா கேட் வரைக்கும் போவார். தீனி அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். கம்பி வலையால் பிரித்திருந்த ஷெட்டின் கடைசித் தடுப்பில் இருந்த கோழிகளுக்கு மட்டும் ஒரு பக்கெட் தீனி எடுத்துப் போட ஆரம்பித்தேன். முதல் நாள் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. நான் வருவது தெரிந்தாலே அந்தத் தடுப்பு முழுக்க எழுந்து நிற்கும். உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

வாரம் ஒருமுறை கோழிகளை எடை போடுவார்கள். அந்தத் தடுப்புக் கோழிகள் கனத்திருந்தன, முட்டையும் குறைந்திருந்தது. "இதுங்க மட்டும் ஏன் இப்டிக் கனக்குது" என்று அக்கா தராசைப் பார்த்தபடி சொன்னார். நான் முட்டை அட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. ஃபேன்கள் நின்ற சில நிமிஷத்திலேயே ஷெட் அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. கோழிகள் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சிரைத்தன. நாங்கள் கூரைமேல் தண்ணீர் அடித்தோம், சாக்கை நனைத்துக் கட்டினோம். எல்லாத் தடுப்பிலும் சில செத்தன. கடைசித் தடுப்பில்தான் கொத்துக் கொத்தாக விழுந்தன. அரை மணி முன்னால்தான் அவற்றுக்கு நான் தீனி போட்டிருந்தேன். ஒரு கோழியை மடியில் வைத்துத் தலையில் தண்ணீர் விட்டேன். என் கையிலேயே கழுத்து தொங்கிப் போனது.

சாயங்காலம் கால்நடை டாக்டர் வந்தார். சில கோழிகளை அறுத்துப் பார்த்தார். மற்றத் தடுப்புக் கோழிகளின் இரைப்பை காலியாக இருந்தது. கடைசித் தடுப்புக் கோழிகளுடையது தீனியால் உப்பியிருந்தது.

"மதியத்துல தீனி தின்னா செரிக்கறப்பவே ஒடம்பு உள்ள சூடு ஏறும். இந்த வெயில்ல எப்டித் தாங்கும்? யார் போட்டது?" என்றார்.

நாங்கள் நாலைந்து பேர் வரிசையாக நின்றிருந்தோம். மேனேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அக்கா ஒரே ஒருமுறை என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன். சாவி அக்காவின் பொறுப்பு என்பதால் பழி அவர்மேல் விழுந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அக்கா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சாவிய ஒன்கிட்டக் குடுத்தது அவங்க தானே? அப்ப தப்பு அவங்களுது தான். ஏற்கெனவே ஆள் இல்ல. போய் முட்டையைப் பொறுக்குமா."

அவ்வளவுதான். நான் சொன்ன உண்மையால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார். நான்தான் போட்டேன் என்று அழுதேன்.

"தெரியும்மா" என்றார். "எடை போட்ட அன்னிக்கே தெரியும். ஒன் பொடவைல தீனி மாவு ஒட்டிகினு இருந்துச்சி. அன்னிக்கே ஒன்னக் கூப்ட்டுக் கண்டிச்சிருக்கணும். பாவம், எரக்கப்பட்டுப் போடறான்னு விட்டுட்டேன்."

"அப்ப டாக்டர் கேட்டப்ப ஏன்கா சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. துணியை உதறிக் கொடியில் போட்டபடியே சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் அந்த மாதமே பண்ணையை விட்டேன். அக்காவுக்கு வேறு பண்ணைகளிலும் வேலை கிடைக்கவில்லை; கோழியைச் சாகவிட்டவர் என்று பேச்சு பரவியிருந்தது. கோழிகளைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர், இப்போது செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் தரை துடைக்கப் போகிறார். சில நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். பிள்ளைங்க நல்லா கீறாங்களாம்மா என்று கேட்பார். பதில் சொல்வேன். பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவார்.

பசியைப் பார்த்து இரங்கியதற்காக என்றாவது என்னை நானே மன்னித்துக்கொள்வேனோ என்னவோ. ஆனால் அக்கா என் முகத்தைப் பார்த்த அந்த ஒரு கணத்தில் வாயைத் திறக்காமல் நின்றேனே, அதற்கு எங்கே போய், யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.