தகரத்தில் படாத குண்டு

அன்றைக்குத் தோட்டத்தில் நின்றது நான்கு பேர். நான், என் மனைவி, எயார் ரைபிளோடு வந்த அவளுடைய தம்பி, தவணைக் காசு கேட்டு வந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஓட்டமாவடிக் கடைக்காரர். என் கிணற்று மோட்டரை ஓட்டும் சோலர் பனலை அவர்தான் கடனுக்குத் தந்திருந்தார். குரங்குகளை நான் எண்ணவில்லை. அவை சோளன் பயிருக்குள் நின்றன.

குரங்கைச் சுடுவதில்லை. தோட்டத்தின் மறுகரையில் ஒரு கம்பில் பழைய தகரம் கட்டியிருந்தோம். ஈயக்குண்டு அதில் படும் சத்தத்துக்கே எல்லாம் ஓடிவிடும். ஆனால் தகரத்துக்குப் பின்னால், கொஞ்சம் கிழக்கே தள்ளி, பனல் நின்றது. எனக்குப் பயம் அதில்தான்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதம். களப்புத் தண்ணீரில் எறிகிற வலையையே இழுத்துக்கொண்டு போகிற காற்று, பயறளவு ஈயத்தைச் சும்மா விடுமா? எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், கணக்குப் போட்டுக் காட்டத் தெரியாது.

"வேணாம் மச்சான், காத்து அடிக்குது," என்றேன்.

மாமரத்தடியில் குந்தியிருந்தவன் சிரித்தான். "எங்க அத்தான் காத்து? என்ட கன்னத்தில ஒண்டும் படல்லயே."

"இஞ்ச வேலி மறைக்குது. அங்க பாரு."

சோளனுக்கு மேலே குருவிக்குக் கட்டிய பொலித்தீன் நாடாக்கள் கிழக்கே நீட்டி விறைத்து நின்றன.

"இவர்ட பயத்தை வித்தா என்ட காசு முழுக்கத் தேறும்," என்றார் காக்கா. மனைவிகூடச் சிரித்தாள்.

முதல் குண்டு தகரத்தில் 'டங்' என்று பட்டது. குரங்குகள் பாய்ந்தன.

"நடுவுக்குத்தானே குறி பிடிச்சாய்? கிழக்கு ஓரத்தில பட்டிருக்கு. போதும், விடு."

"பட்டிச்சா இல்லயா? இன்னும் ஒண்டு நிக்குது அத்தான்."

அவன் மறுபடி சுட்டபோது காற்று ஓங்கியது. தகரம் பேசாமல் நின்றது. அதற்குப் பின்னால் ஏதோ 'சடக்' என்றது.

ஓடிப்போனோம். பனலின் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலைபோல் வெடித்திருந்தது. குழாயில் தண்ணீர் விரல் தடிப்புக்கு மெலிந்து வந்தது.

காக்கா இப்போது சிரிக்கவில்லை. "நான் தரக்குள்ள முழுசாத்தான் தந்தன் தம்பி."

"பாதி நான் தாறன் அத்தான்," என்றான் மச்சான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

மாரி தொடங்கினால் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும். மூடிவைத்தால் வெயில் படாது, மோட்டரும் ஓடாது. விடிந்ததும் முதலில் குழாயைத்தான் போய்ப் பார்க்கிறேன். மச்சானின் பாதி இன்னும் வரவில்லை. காக்காவுக்குக் கொடுக்கக் கிடப்பது இருபத்தெட்டாயிரம் ரூபா.