அணைத்த கத்தரி

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிற பெண்கள் குறைவு. சொர்ணலதா அதில் கைதேர்ந்தவள். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்தபின் வீட்டில் அவள் மட்டும்தான். மணிக்கட்டு வலி தாங்காமல் பேட்டரிக் கத்தரி ஒன்று வாங்கினாள். விசையை அழுத்தினால் கட்டைவிரல் கனமுள்ள கொடியும் ஒரே கடியில் துண்டாகும்.

மூன்றாம் வாரம், பந்தலுக்கடியில், கத்தரியின் வாயில் ஒரு சுள்ளி சிக்கியது. சுவிட்சை அணைத்துவிட்டு இடது கையால் எடுக்கப் போனாள். கத்தரி தானாக மூடிக்கொண்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

அப்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த தங்கை ஜெபா அழுது முடித்துக் கேட்டாள்:

“நெசமாவே அணைச்சியாக்கா? அவசரத்துல மறந்திருப்ப.”

“அணைச்சேன்டி.”

தோட்டத்து முதலாளி பாண்டீஸ்வரனும் அதையே கேட்டார். பிறகு வேலைக்குக் கூப்பிடவில்லை.

கத்தரி செய்த கம்பெனியின் ஆள் வீடு தேடி வந்தார். “பழசக் குடுத்துருங்கம்மா, புதுசு தர்றோம்.”

“தர மாட்டேன். எனக்கு இருக்குற சாட்சி இது ஒண்ணுதான்.”

தேனி நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாள். அணைக்காமல் கை வைத்தது அவள் தவறு என்று கம்பெனி பதில் கொடுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள். சோறு வடிக்கும்போதும் தலை வாரும்போதும் அந்த நொடியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பாள். கட்டைவிரல் சுவிட்சைத் தள்ளியது. தள்ளியதா? பதினோரு மாதத்தில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆணையம் கத்தரியைப் பரிசோதனைக்கு அனுப்பியது. தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் நின்றபடி வக்கீல் அனிதா மேரி வாசித்துக் காட்டினார். அணைத்த நிலையில் அறுபது முறை சோதித்ததில் நான்கு முறை கத்தரி தானாக மூடியிருக்கிறது. தயாரிப்பிலேயே கோளாறு, கம்பெனிதான் பொறுப்பு. இழப்பீடு தர வேண்டும், அந்த மாடலை இனி விற்கக் கூடாது.

“நாலு தடவைன்னா எழுதியிருக்காக?”

“ஆமாக்கா. நீங்க அணைச்சுத்தான் இருந்தீக.”

அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜெபாவுக்குப் போன் போட்டாள்.

“நாந்தான் அப்பவே சொன்னேன்ல,” என்றாள் ஜெபா. “நீ மறக்குற ஆளாக்கா?”

சொர்ணலதா இணைப்பைத் துண்டித்தாள். சின்னமனூர் தாண்டும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.