எறங்க முடியாதுங்க சாமி

பாவாத்தாளுக்குக் கோபம் வந்தால் கை முந்தும், வாய் பிறகுதான் வரும். சோமனூர் தறிக்குடோனில் நாடாவுக்கு நூல்தார் சுற்றப் போன புதிதில், இடுப்பைக் கிள்ளிய மேஸ்திரியின் நெற்றியை நாடாக்கட்டையால் பிளந்துவிட்டாள். அந்த வேலை போயிற்று. போனால் போகட்டும் என்று அடுத்த குடோனில் சேர்ந்தாள். அங்கே தறி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஜெரோம், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டான். அவனோ யாராவது முறைத்தாலே சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு நிற்கிற ஆள்.

அவன் ஊரில்தான் குடித்தனம். தார்ரோட்டிலிருந்து வந்தால் முதலில் நிலம் வைத்திருக்கும் தோட்டக்காரர்களின் ஊர்த்தெரு, அதைத் தாண்டினால்தான் கூலிக்காரர்களின் வளவு. வேறு பாதை கிடையாது. வளவுக்காரன் சைக்கிளில் வந்தாலும் டீக்கடை முன்னால் இறங்க வேண்டும். ஊர்த்தெரு முடிகிற தண்ணீர்த்தொட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அப்புறம் ஏறிக்கொள்ள வேண்டும். வெளியே போகும்போதும் அதே கதைதான். எவன் எழுதிய சட்டமோ, அவன் கை புழுக்க!

தொண்ணூற்று நாலில் ஜெரோம் ஒரு பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வாங்கினான். வாங்கிய சந்தோஷத்தில் இறங்க மறந்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஊர்த்தெருவின் பெரிய தோட்டக்காரரான பண்ணாடி வீட்டுத் திருமூர்த்தி அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டு, பச்சைத் தென்னமட்டையால் அடித்தான். ஊரே பார்த்தது. முன்பல் இரண்டும் மண்ணில் கிடந்தன. அடி வாங்கும்போதும் ஜெரோம், "தெரியாமச் செஞ்சுபோட்டேனுங்க சாமி" என்றுதான் கத்தினான். கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்கிறார்களே, பல் உடைகிற நேரத்திலும் அந்த 'ங்க' உடையாமல் வர வேண்டும், அவ்வளவு மரியாதை!

அன்றிலிருந்து அவன் இறங்கித் தள்ளினான். பாவாத்தாள் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வயிறு எரிந்தது. புருஷன் மேல் பிரியம் இருந்தது, அந்தத் தெருவில் மட்டும் அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த சித்திரையில் குடோனுக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள். "ராஜ்தூத்துலயே கன்னியாகுமரி போலாமா? நீ கடலே பாத்ததில்லையே" என்றான் ஜெரோம்.

"போலாமுங்க" என்றாள். "ஆனா ஊர்த்தெருவுல நான் எறங்க மாட்டேன். நீங்களும் எறங்கக்கூடாது."

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெடியறதுக்கு முந்திக் கெளம்பிரலாம் பாவா. ஒருத்தனும் பாக்க மாட்டான்."

"ஏனுங்க, நாம என்ன கோழி திருடிட்டா போறோம்? எட்டு மணிக்குக் கெளம்பறோம். நல்ல வெய்யல்ல."

மூட்டை கட்டுவதை அவளே எடுத்துக்கொண்டாள். பின்பக்கக் கம்பியில் மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு பக்கமும் அரிசி, துணி, தட்டுமுட்டுச் சாமான் அடைத்த சாக்குப் பைகள், முன்னால் ஹேண்டில்பாரில் புளிச்சோற்றுத் தூக்கு. சோறாக்குகிற பெரிய அலுமினியப் போசியைப் பவானி ஜமுக்காளத்தில் சுருட்டி, தோளிலிருந்து இடுப்பு வரை மறைக்கிற மாதிரி முதுகில் கட்டிக்கொண்டாள். இருந்த இரண்டு ஆட்டையும் முந்தின நாளே துடியலூரில் இருக்கும் அக்கா மாசாணம் வீட்டில் விட்டு வந்திருந்தாள்.

"வண்டியா, பொதிமாடா? இத்தன சுமையோட இதத் தள்ளவே முடியாது பாவா."

"அதுக்குத்தானுங்க கட்டியிருக்கறேன்."

ஏறி உட்கார்ந்ததும் தேய்ந்த தறிபெல்ட் ஒன்றை எடுத்தாள். தன் இடுப்பையும் அவன் இடுப்பையும் சேர்த்து இறுக்கி, முடிச்சைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "ரோடு குலுங்கும்" என்றாள். அவன் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டான். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

டீக்கடை பெஞ்சில் திருமூர்த்தி உட்கார்ந்திருந்தான். வண்டி நிற்காமல் வருவதைப் பார்த்ததும் தென்னை மரத்தில் சாத்தியிருந்த மூங்கில் தடியை எடுத்துக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தான்.

"எறங்குடா!"

ஜெரோமின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. ஒரு வருசப் பழக்கம், பாழாய்ப்போன கால்! இறங்குவதற்கு உடம்பைச் சாய்த்தான். பெல்ட் விடவில்லை.

"எறங்க முடியாதுங்க சாமி" என்றாள் பாவாத்தாள். "கட்டியிருக்குதுங்க."

"அவுருடி!"

"மாட்டேனுங்க."

தடி அவள் முதுகில் இறங்கியது. ணங்கென்று போசி நசுங்கியது. திருமூர்த்தி ஒரு கணம் திகைத்துப்போனான். அடுத்த அடி தோளில் விழுந்தது. எலும்பு மளுக்கென்றது அவளுக்கே கேட்டது. மூன்றாவதாக ஓங்கி வந்த தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வண்டிய எடுங்க!" என்று புருஷன் காதில் கத்தினாள். "எடுக்கறயா, இல்ல இங்கயே ரெண்டு பேரும் சாவறதா?"

கல்யாணமானதிலிருந்து அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டது அது ஒரு தடவைதான். ஜெரோம் கிளட்சை விட்டான். ராஜ்தூத் உறுமிக்கொண்டு பாய்ந்தது. தடியை விடாமல் பிடித்திருந்த திருமூர்த்தியும் கூடவே இழுபட்டு வந்து, நாலு எட்டு ஓடி, முகம் குப்புற மண்ணில் விழுந்தான். வாயெல்லாம் ரத்தம். டீக்கடையிலிருந்த ஆட்கள் கல்லை எடுத்தார்கள். ஒரு கல் ஜெரோமின் காதைக் கிழித்தது. அவன் நிறுத்தவில்லை. தார்ரோடு ஏறியும் நிறுத்தவில்லை. பல்லடம் தாண்டியும் நிறுத்தவில்லை.

தாராபுரத்தில் அமராவதிப் பாலத்துப் பக்கம் நிழலில் வண்டி நின்றது. அவள் ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்த்தாள். ஜெரோம் காதில் ரத்தம் காய்ந்திருக்கச் சிரித்தான். பல்லுப் போனதிலிருந்து வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறவன், வாயெல்லாம் திறந்து சிரித்தான். அவள் தோளைத் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டான்.

சாப்பிடத் தட்டு எடுக்கச் சாக்கைத் துழாவினான். கையில் கண்ணாடிச் சட்டம் தட்டுப்பட்டது. அவர்கள் கல்யாணப் போட்டோ. அதற்கடியில் அவன் அம்மாவின் வெள்ளிக் கொலுசு, சுவரில் மாட்டியிருந்த மாதா படம், தறி ரிப்பேர் பார்க்கிற அவன் ஸ்பானர் பை. கடல் பார்க்கப் போகிறவர்கள் இதையெல்லாமா எடுத்துப் போவார்கள்? அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"பாவா, ஊட்டப் பூட்டுனயா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"கதவாச்சும் தப்பட்டும்னுதான். பூட்டியிருந்தா ஒடச்சுப்போட்டுத்தான் உள்ள போயித் தீ வெப்பாங்க."

அவன், வண்டி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு அழுகை வந்தது. அந்த வீட்டுச் சுவருக்கு அவள்தான் மண் குழைத்துப் பூசியிருந்தாள். சோற்றைப் பிசைந்து அவன் கையில் ஓர் உருண்டை வைத்தாள்.

"திரும்பி எங்க போறது?" என்றான்.

"சோமனூர்ல தறி ஓடுதுங்க, வாடகைக்கு ஊடு கெடைக்கும். ஏறுங்க, கடலு இன்னும் தூரமிருக்குது."

ஜெரோம் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அவள் பின்னால் ஏறியதும் தறிபெல்ட்டை அவனே எடுத்து இருவர் இடுப்பையும் சுற்றினான். முடிச்சை இந்தத் தடவை தன் பக்கம் போட்டுக்கொண்டான்.