பிளெக்ஸ் கடையில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை

பிளெக்ஸ் அடிக்கும் தொழிலில் மை தீர்ந்துபோகும், பட்டம் மட்டும் தீராது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருக்கிறேன். முச்சந்தியில் நின்று பேனர்களை அண்ணாந்து படித்துக் கழுத்து வலித்தவர்களே, அதை டைப் அடிக்கிறவன் படும் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

மாமன்மார்

காதுகுத்து என்றால் தாய்மாமன் பேனர் இல்லாமல் நடக்காது. அய்யலூரிலிருந்து மூன்று மாமன்கள் வந்தார்கள். ஒருவர் சிங்கம், ஒருவர் வேங்கை, மூன்றாமவர் விடிவெள்ளி. போட்டோக்கள் ஆளுயரத்துக்கு. அச்சாகி வந்ததும், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அவர்களுடைய தங்கச்சி மேலும் கீழும் பார்த்தார்.

"சிங்கம் புலியெல்லாம் இருக்கு, சரிண்ணே. காது குத்துற எம்புள்ளய எங்க?"

அரண்மனை

எதிரே பாய் ஒருவர் டிபன் கடை திறந்தார். பழகிய மனிதர் ஆயிற்றே என்று நானாகவே 'அறுசுவையின் அரண்மனை, பசிப்பிணி போக்கும் பாசறை' என்று எழுதிக் காட்டினேன். பாய் சிரித்துவிட்டார்.

"அரண்மனைக்குள்ள செருப்போட எவன் தம்பி வருவான்? சூடா இட்லி இருக்குன்னு போடுங்க, பசிச்சவன் வந்துருவான்."

ஒரே ஒரு வரி

எரியோட்டிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மனைவி பாண்டியம்மா இறந்துவிட்டார், கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும். வழக்கமாக வைத்திருப்பதைக் காட்டினேன்: 'இல்லறத்தின் இணையில்லா ஒளிவிளக்கே, எங்களைத் துயரக்கடலில் ஆழ்த்திவிட்டு விண்ணுலகம் ஏகினாயோ!' அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது யாரோ பேசுற மாதிரி இருக்கு தம்பி. நான்தான் பேசுறேன்னு அவளுக்குத் தெரியணும்" என்றார்.

பாண்டியம்மா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். சாயங்காலம் மில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கூட்டிப்போக நிற்கும் இவரிடம் "சாப்ட்டீகளா?" என்றுதான் முதலில் கேட்பாராம். இவர் வாய் திறந்து பதில் சொன்னதே இல்லையாம், தலையை மட்டும் ஆட்டுவாராம். இப்போது அந்த பஸ் நிற்கும் இடத்திலேயே பேனரை வைக்க வேண்டும். 'சாப்ட்டேன் பாண்டியம்மா' என்று மட்டும் இருந்தால் போதும் என்றார்.

டைப் அடிக்கப் போனவன், அவர் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்து, நிஜமாகவே சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்கிட்டு தம்பி, அவ போனதுலருந்து தொண்டைல ஒண்ணும் எறங்கல. ஆனா தெரிஞ்சா வருத்தப்படுவா, சாப்ட்டேன்னே போடுங்க."

பாய் கடைக்குக் கூட்டிப்போய் அவரை இட்லி சாப்பிட வைத்த பிறகுதான் அதை அச்சுக்குக் கொடுத்தேன். என் கடையிலிருந்து பொய் கலக்காமல் வெளியே போன ஒரே கண்ணீர் அஞ்சலி அதுதான்.