கரண்டிப் பிடியில் ஒரு குழி

அப்பா கொத்தனார். அவருடைய பூச்சுக் கரண்டியின் மரப்பிடி ஒருநாள் பிளந்துபோனது. ஆனையூரில் ஒரு கடைசல் பட்டறையில் பழைய பிடியைக் காட்டி, அதே அளவில் புதிதாகக் கடைந்து வாங்கி வந்தேன். வழுவழுவென்று இருந்தது. அப்பா சுவரில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "இது எங் கரண்டியே இல்லடா," என்றார்.

எரிச்சலோடு பட்டறைக்கே திரும்பிப் போனேன். கடைசல்காரர் பழைய பிடியைத் தடவிப் பார்த்தார். அப்பாவின் கட்டைவிரல் பட்ட இடம் குழிந்து கிடந்தது.

"கடைசல்ல உருண்டையாத்தான் வரும்ணே. இந்தக் குழியக் கையாலதான் ராவணும்," என்று அரத்தை எடுத்தார்.

அதன்பிறகு அப்பா குறை சொல்லவில்லை.

இன்று அப்பா இல்லை. வாசற்படி பெயர்ந்தால் அந்தக் கரண்டியால் நானே பூசுகிறேன். என் கட்டைவிரல் அந்தக் குழியில் சரியாக உட்காருவதில்லை. வீட்டிலேயே அரம் இருக்கிறது. எடுக்க மனமில்லை.