பிஸ்கட் டின்னில் புதுக் குளிசை

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஒன்பதாம் நாள். அவருடைய கால் புண்ணுக்கு மருந்து கட்ட வரும் தாதி, செவன் ஹில்ஸ் புறநகரில் வேலையில் இருந்த என்னை அழைத்தாள். "ஆள் வெளிறிப் போயிருக்கிறார். மலம் கறுப்பாகப் போகிறதாம். அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன்." எப்படிக் காரை ஓட்டி வீடு வந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

போன தடவையும் வயிற்றில் இரத்தம் கசிந்துதான் அவரைச் சேர்த்தோம். இரத்தத்தை இளக்கும் பழைய குளிசையை நிறுத்தி, வேறொன்றைப் பெட்டியில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் குசினி மேசையில் கிடந்தது, மருந்துக்கடை அவருடைய குளிசைகளை அடைத்து வாராவாரம் அனுப்பும் அட்டை. நாளுக்கொரு குழி. மிச்சமிருந்த குழிகளில் பழைய குளிசை அப்படியே இருந்தது.

அம்புலன்ஸ் வரும்வரை போனும் கையுமாக நின்றேன். மருந்துக்கடைக்காரர் தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். குடும்ப டொக்டரிடம் கடிதம் வரவில்லையாம். வார்டில் அனுப்பிவிட்டோம் என்றார்கள். தாதியின் தாளில் புண் மட்டும்தான் இருந்தது. எல்லாம் எங்கள் வரிப்பணத்தில் ஓடுபவை, ஒன்றுக்கு ஒன்றைத் தெரியாது. கத்த வேண்டும் போலிருந்தது.

"அப்பா, ரெண்டு குளிசையும் சேர்த்துப் போட்டனீங்களோ?"

"இல்லையம்மா. அட்டையில இருந்ததை மட்டும்தான்."

"அப்ப புதுசு?"

பிரிட்ஜின் மேலிருந்த பிஸ்கட் டின்னைக் கண்ணால் காட்டினார். "அது நல்ல குளிசையெண்டவை. ஊரில என்ர தம்பிக்கும் நெஞ்சு வருத்தம்தானே. அடுத்த மாசம் பக்கத்து வீட்டு அன்ரி போறா, குடுத்து விடுவம்."

டின்னைத் திறந்தேன். பனடோல் அட்டைகளுக்கு நடுவில் அந்தப் பெட்டி, உடைக்காமலே. டின்னின் மூடியில் 'ஊருக்கு' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. ஊரில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, மிஞ்சுகிற நல்ல மருந்தை இதற்குள் போடுங்கோ என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பை இரத்தம் ஏற்றியபின் அப்பாவின் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. யார் யார் மேல் முறைப்பாடு கொடுப்பது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அப்போதுதான் ஒரு இளம் டொக்டர் வந்து, அப்பாவின் மருந்துகளைக் கவனிப்பது யார் என்று கேட்டார்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகள்தான். எல்லாம் அவதான் பாக்கிறவ."