பெட்டியில் முதல் கை

செத்தவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் அவர்களைத் துடைத்துக் கட்டி அனுப்புவதும் என் வேலைதான். ஆனால் அந்த அம்மா செத்துவிட்டார் என்று கேட்டபோது பயந்தேன்.

அவர் யாழ்ப்பாணத்தில் எங்கள் காணிக்காரி. கடைசிக் காலத்தில் இங்கே மொன்றியலுக்கு மகன்களிடம் வந்திருந்தார். முன்பெல்லாம் அந்த வீட்டுப் பெண்களுக்குச் சீதனம் கொடுக்கும்போது வயலோடும் மாட்டோடும் எங்கள் ஆட்களையும் பிரித்துக் கொடுப்பார்களாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று இங்கே கூட்டங்களில் பேசுவார்கள். என் அக்கா பிள்ளைகளோடு இன்னும் அந்தக் காணியின் மூலையில்தான் குடியிருக்கிறாள்.

காணி யாருக்கு என்ற சண்டையில் இரண்டு மகன்களும் ஒரு வருடமாக முகம் பார்ப்பதில்லை. அந்த வீட்டுச் சாவில் பிணம் தூக்குவது எங்கள் ஆட்கள். யார் சொல்லித் தூக்குகிறோமோ அவரைத்தான் ஊர் காணிக்காரராக எண்ணும்.

மூத்தவர் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். வாடகை நான் கட்டும் வீட்டில்! அப்பாவைவிட வயதில் நன்றாக இளையவர், கதிரையில் சாய்ந்துகொண்டு அவரைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்குப் பெட்டியிலை முதல் கை நீ வைக்கவேணும். நான் சொல்லித்தான் வந்தனி எண்டு தெரியவேணும். ஊரிலை எல்லாரும் லைவ்விலை பாப்பினம்."

அவர் படி இறங்குவதற்குள் இளையவர் அப்பாவுக்குப் போன் எடுத்தார். "அண்ணை சொல்லி நீ கை வைச்சால், உன்ரை மூத்தவள் அங்கை இருக்கேலாது. விளங்கிச்சோ?"

யாருக்குத் தலையாட்டினாலும் மற்றவர் அக்காவைத் தெருவில் விடுவார்.

"போகாமல் விடுவம், அப்பா."

"போகாட்டி ரெண்டு பேருக்கும் பகை, பிள்ளை."

மண்டபத்தில் பெட்டி சக்கர வண்டியில் இருந்தது. தள்ளுவதற்குக் கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் நின்றார்கள். தூக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இருந்தும் மகன்கள் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று அப்பாவைப் பார்த்தார்கள். மூத்தவர் கையைக் காட்டினார், இளையவர் செருமினார். கமெரா அப்பாவின் பக்கம் திரும்பியது. யார் சொல்லுக்கென்றாலும் வைத்துவிடுங்கள் அப்பா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அப்பா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு போய், முன்வரிசையில் அவர்களுடைய சொந்தக்காரர் நடுவே ஒரு கதிரையில் இருந்தார்.

"தள்ளுறதுக்கு ஆக்கள் நிக்கினம்தானே, தம்பி" என்றார்.

அவர் வாழ்நாளில் அவர்களை ஐயா என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. பெருமைப்பட வேண்டிய நேரம்தான். நானோ மகன்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மூத்தவர் இளையவரைப் பார்த்தார். இளையவர் பெட்டியைச் சுற்றி வந்து அவருடைய காதில் ஏதோ சொன்னார். மூத்தவர் தலையாட்டினார். இருவரும் தோளோடு தோள் உரச, ஒரே போனைப் பார்த்தபடி வெளியே போனார்கள்.

அப்பா என் கையைப் பிடித்தார்.

"ரெண்டு பேரும் ஒண்டாயிட்டாங்கள். அக்காவுக்குப் போன் எடு, கெதியா எடு."